‘இன்னிக்கு ஸ்கூல்ல குச்சி வச்சு விளையாடினோம்!’ - தொடக்கப் பள்ளியில் ‘செய்து கற்றல்’ ஏன் முக்கியம், எங்கே சறுக்குகிறது?

32-லிருந்து 17-ஐக் கழித்தால் எவ்வளவு?

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், அடிக்கடி வரும் தவறான விடை ஒன்று உண்டு: 25. கவனக்குறைவால் வந்த விடை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 7-க்கும் 2-க்கும் வித்தியாசம் 5. 3-க்கும் 1-க்கும் வித்தியாசம் 2. ஆக, 25. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த விதியை அந்தப் பிள்ளை ஒழுங்காகத்தான் பின்பற்றியிருக்கிறது. அதற்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். 32-ல் இருக்கிற அந்த ‘3’, மூன்று இல்லை, முப்பது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறது. ‘பக்கத்து வீட்டுல கடன் வாங்கு’ என்று இன்னொரு விதியைச் சொல்லிக் கொடுத்து, ஐம்பது கணக்கு போட வைக்கலாம். அல்லது ஈர்க்குச்சிகளை எடுத்துப் பத்துப் பத்தாகக் கட்டி, அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாம். இரண்டாவது வழிக்குப் பெயர்தான் ‘செய்து கற்றல்’. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இது புதிதல்ல. 20 வருஷத்துக்கும் மேலாக ஏதோ ஒரு வடிவத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் ‘ஸ்கூல்ல பாடம் நடத்தாம விளையாட விடுறாங்க’ என்ற புகார் பெற்றோரிடம் இன்னும் ஓயவில்லை.

உண்மையில் அந்தக் குச்சிகள் என்ன வேலை செய்கின்றன? எப்போது அவை வெறும் விளையாட்டாகிப் போகின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

கட்டைப் பிரிச்சாதான் கழிக்க முடியும்

மூன்று கட்டு, அதோடு இரண்டு உதிரிக் குச்சி. இதுதான் 32. இதிலிருந்து 17-ஐ எடுக்க வேண்டும். முதலில் 7 உதிரிக் குச்சி வேண்டும். கையில் இருப்பதோ இரண்டு. இப்போது பிள்ளையால் தலைகீழாக 7-லிருந்து 2-ஐக் கழிக்க முடியாது. கொடுப்பதற்கு ஏழு குச்சி இல்லையே! வேறு வழியில்லாமல் ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் உதிரி 12 ஆகிவிடும். அதிலிருந்து 7 போனால் 5. மீதியிருக்கிற இரண்டு கட்டில் ஒரு கட்டை எடுத்தால் ஒன்று மிச்சம். விடை 15.

இங்கே கவனிக்க வேண்டியது, 25 என்ற தவறான விடைக்குக் குச்சி இடமே கொடுக்கவில்லை என்பதுதான். ஆசிரியர் ‘தப்பு’ என்று சிவப்பு மை போடவில்லை. கையில் இருந்த பொருளே தவறைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. ‘கடன் வாங்குதல்’ என்ற சொல் பிள்ளைகளை உண்மையிலேயே குழப்பக்கூடியது. வாங்கின கடனைத் திருப்பித் தர வேண்டாமா என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. நியாயமான கேள்வி. உண்மையில் அங்கே யாரும் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துச் சில்லறை மாற்றுகிறோமே, அதேதான் நடக்கிறது. மொத்தத் தொகை மாறவில்லை, வடிவம்தான் மாறியிருக்கிறது. கட்டைப் பிரித்துப் பார்த்த பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குழந்தைக்கு ஏன் ‘பொருள்’ தேவைப்படுகிறது?

ஒரு சின்ன சோதனை. ஆறு புளியங்கொட்டைகளை ஒரு வரிசையில் வையுங்கள். அதற்கு நேராக இன்னொரு ஆறு. நான்கு வயதுக் குழந்தையிடம் ‘ரெண்டும் சமமா?’ என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லும். இப்போது குழந்தையின் கண் முன்னாலேயே ஒரு வரிசையை மட்டும் கொஞ்சம் அகட்டி வையுங்கள். மறுபடி கேட்டால், அகலமாக இருக்கிற வரிசையில்தான் நிறைய கொட்டை இருக்கிறது என்று பல குழந்தைகள் சொல்லும்.

ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜீன் பியாஜே செய்த புகழ்பெற்ற சோதனைகளில் ஒன்று இது. தொடக்கப் பள்ளி வயதில், சுமார் 7 முதல் 11 வயது வரை, கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, மாற்றி அடுக்கிப் பார்க்கக்கூடிய விஷயங்களைப் பற்றித்தான் குழந்தைகள் தர்க்கமாக யோசிக்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. அவர் சொன்ன வயதுக் கணக்கு அவ்வளவு கறாரானது இல்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் திருத்தினார்கள். ஆனால், பொருளிலிருந்து தொடங்கிக் குறியீட்டுக்குப் போகும் பாதை வகுப்பறைகளில் நிலைத்துவிட்டது.

அந்தப் பாதையைத் தெளிவாக வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் ப்ரூனர். அவர் சொன்னது மூன்று படி. முதலில் செய்து பார்ப்பது, பிறகு படமாகப் பார்ப்பது, கடைசியாகக் குறியீடாக எழுதுவது. குச்சிக் கட்டைப் பிரிப்பது முதல் படி. மூன்று கட்டும் இரண்டு கோடும் வரைவது இரண்டாவது படி. 32 - 17 = 15 என்று எழுதுவது மூன்றாவது படி. கணிதக் கல்விக்குப் பெயர்போன சிங்கப்பூர் 1980-களிலிருந்து தன் தொடக்கப் பள்ளிக் கணக்கைக் கட்டியிருப்பதும் இந்த ‘பொருள் - படம் - குறியீடு’ வரிசையின் மேல்தான்.

இதற்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. 1907-ல் ரோம் நகரின் சான் லோரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி. தங்க நிற மணிகளைக் கோத்து ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று குழந்தையின் கையில் கொடுத்தவர் அவர். அவருக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிரணியில் சேர்ந்ததால் நாடு திரும்ப முடியாமல் போனது. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கினார். 1946-ல்தான் இந்தியாவை விட்டுக் கிளம்பினார்.

தமிழில் எண்ணும் பிள்ளைக்கு ஒரு ‘ப்ளஸ் பாயின்ட்’

பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும். முப்பத்திரண்டு என்றால் மூன்று பத்தும் இரண்டும். எண்ணின் பெயருக்குள்ளேயே கட்டும் உதிரியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ என்ற சொற்களைக் கேட்கிற குழந்தைக்கு அந்தத் துப்பு கிடைப்பதில்லை. குச்சிக் கட்டோடு தமிழில் எண்ணும்போது காதும் கையும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன.

ஓர் இடத்தில் தமிழும் காலை வாரும். தொண்ணூறு! 90-க்கான பெயரில் ‘நூறு’ வந்து உட்கார்ந்திருக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இடத்தில் ஒன்பது கட்டுகளை எடுத்து வைத்து, ‘இது பேருதான் தொண்ணூறு, இன்னும் நூறு ஆகலை’ என்று காட்டிவிட்டால் போதும்.

கணக்கு மட்டும்தானா?

இல்லை. தொடக்கப் பள்ளியின் எல்லாப் பாடத்திலும் இதற்கு இடமுண்டு. சில உதாரணங்கள்:

*அளவை:* பெஞ்சின் நீளத்தைச் சாணால் அளக்கச் சொன்னால், ஒரு பிள்ளைக்கு 9 சாண் வரும், இன்னொரு பிள்ளைக்கு 10, டீச்சருக்கு 7. ‘யார் சொன்னது சரி?’ என்று கேட்டால் வகுப்பே சண்டை போடும். எல்லாருமே சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள், சாண்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பது புரிந்த பிறகு ஸ்கேலை எடுத்து நீட்ட வேண்டும். அப்போது சென்டிமீட்டர் என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய சொல்லாக இருக்காது. இப்போது நடந்த சண்டைக்கான தீர்வாக இருக்கும்.

*பின்னம்:* 4 பெரிய எண், அதனால் காலும் அரையைவிடப் பெரியது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரே அளவுள்ள இரண்டு தாள்களை எடுத்து ஒன்றை இரண்டாகவும், மற்றொன்றை நான்காகவும் மடித்துப் பார்த்தால் மர்மம் உடைந்துவிடும். துண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட, ஒவ்வொரு துண்டும் சின்னதாகிறது. அடுத்து, சின்ன தோசையில் பாதி, பெரிய தோசையில் கால், எது அதிகம் என்று கேட்டால் ‘எந்த முழுமையில் பாதி?’ என்ற இன்னும் ஆழமான கேள்விக்கு வகுப்பு போய்ச் சேரும்.

*அறிவியல்:* மூன்று கப்பில் பச்சைப் பயறு. ஒன்றில் ஈரப்பஞ்சு வைத்து ஜன்னலோரம், இன்னொன்றில் ஈரப்பஞ்சு வைத்து இருட்டான அலமாரிக்குள், மூன்றாவதில் காய்ந்த பஞ்சு. ‘எது முளைக்கும்?’ என்று முன்கூட்டியே கேட்டால், வெளிச்சம் இல்லாததால் அலமாரிப் பயறு முளைக்காது என்று பலரும் சொல்வார்கள். இரண்டு நாளில் அதுவும் முளைத்து நிற்கும். முளைக்கத் தேவை தண்ணீர்தான். காய்ந்த பஞ்சில் இருந்த பயறு அப்படியே கிடக்கும். இன்னும் சில நாள் விட்டால், அலமாரியில் இருந்த செடி வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். வெளிச்சம் எதற்குத் தேவை என்ற அடுத்த பாடம் அங்கே தானாகத் தொடங்குகிறது.

*மொழி:* 18 மெய், 12 உயிர், இரண்டும் சேர்ந்தால் 216 உயிர்மெய். இதைப் பெரிய அட்டவணையாகச் சுவரில் மாட்டினால் மலைப்பாக இருக்கும். இரண்டு அட்டை வட்டங்களை நடுவில் ஒரு பின் குத்தி எழுத்துச் சக்கரமாகச் செய்துவிட்டால் கதை மாறும். உள்வட்டத்தில் ‘க்’, வெளிவட்டத்தில் ‘ஆ’. சுற்றினால் ‘கா’. 216 எழுத்தையும் தனித்தனியாக நெட்டுரு போட வேண்டியதில்லை, ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பது பிள்ளைக்குப் பிடிபடும்.

தமிழ்நாடு செய்து பார்த்த பெரிய சோதனை

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஒரு மாற்றம் தொடங்கியது. அதற்குக் காரணமாக இருந்தவர் அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார். ஆந்திர மாநிலம் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலி பள்ளி, சுற்றுவட்டாரக் கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கியிருந்த முறையைப் பார்த்து, அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் ‘செயல்வழிக் கற்றல்’. ஆசிரியர்கள் வாயில் ‘ஏ.பி.எல்’. 2007-08-ல் இது தமிழ்நாடு முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

முதலில் மாறியது வகுப்பறையின் தோற்றம். டீச்சருக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் தரையில் பாய் போட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கரும்பலகை ஆனது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கின. வருகையைப் பிள்ளைகளே பதிவு செய்தார்கள். அன்றைய வானிலையையும் அவர்களே அட்டவணையில் குறித்தார்கள்.

அடுத்து, பாடமே மாறியது. பாடநூல் சின்னச் சின்ன அட்டைகளாக உடைந்தது. சுவரில் ‘ஏணிப்படி’ என்ற பெரிய விளக்கப்படம். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்து, அந்தப் படிக்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். அட்டையின் தேவையைப் பொறுத்துச் சில பிள்ளைகள் ஆசிரியரோடு உட்காருவார்கள், சிலர் இன்னொரு பிள்ளையின் உதவியோடு, சிலர் தனியாக.

இதில் பெரிய லாபம் ஒன்று இருந்தது. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை, திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும் என்ற பிரச்சினை இல்லை. விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். அறுவடைக் காலத்தில் பெற்றோரோடு ஊர் மாறும் பிள்ளைகளுக்கும், அடிக்கடி விடுப்பு எடுக்க நேர்ந்த பிள்ளைகளுக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

சிக்கல்களும் வந்தன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. சில வகுப்புகளில் அட்டையை எடுப்பதும் வைப்பதுமே சடங்காகிப் போனது. ‘அடுத்த படிக்குப் போயிட்டியா?’ என்ற கேள்வி, ‘என்ன புரிஞ்சுது?’ என்ற கேள்வியை முந்திக்கொண்டது. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் புத்தகமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை என்பதைப் பார்த்த பெற்றோருக்குப் பயம் வந்தது. வரும் ஆண்டுகளில் பாடநூல்கள் திரும்ப முன்னுக்கு வந்தன, முறையும் எளிமையாக்கப்பட்டது.

இப்போது ‘எண்ணும் எழுத்தும்’

கொரோனாவில் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலர், முதல் வகுப்பை வகுப்பறையிலேயே பார்க்காதவர்கள், இரண்டாம் வகுப்பையும் முழுதாகப் பார்க்காதவர்கள். இந்தப் பின்னணியில் 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. 8 வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும், அடிப்படைக் கணக்கு போடவும் தெரிந்திருக்க வேண்டும், அதை 2025-க்குள் எட்ட வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை, பிறகு 4, 5-ம் வகுப்புகளுக்கும் இது போனது.

இதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் எழுத்து கூட்டவே வரவில்லை என்றால், அது ‘அரும்பு’ நிலையிலிருந்து தொடங்கும். வகுப்பு எது என்பதைவிட, இப்போது என்ன தெரியும் என்பதே தொடக்கப் புள்ளி. கதை, பாட்டு, பொம்மலாட்டம், பொருள்களை வைத்துச் செய்யும் செயல்பாடுகள் எல்லாம் உண்டு. கூடவே ஒவ்வொரு நிலைக்கும் பயிற்சி நூல், ஆசிரியருக்குக் கையேடு. பழைய முறையில் ‘எழுதவே இல்லையே’ என்று எழுந்த குறைக்கு இது ஒரு வகையில் பதில்.

‘கை ஓடுது, மூளை ஓடலை’ - எங்கே சறுக்குகிறது?

செய்து கற்றல் என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் பொருள்களைப் பயன்படுத்தியதையும், வெறும் குறியீடுகளை மட்டும் வைத்துக் கற்பித்ததையும் ஒப்பிட்ட 55 ஆய்வுகளைத் தொகுத்து, 2013-ல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. பொருள்களுக்குச் சாதகமாகத்தான் முடிவு வந்தது. ஆனால் பலன் சிறிது முதல் நடுத்தரம் வரை. அந்தப் பலனும் ஆசிரியர் எந்த அளவுக்கு வழிநடத்தினார் என்பதைப் பொறுத்து மாறியது. சுருக்கமாகச் சொன்னால், குச்சியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டால் வேலை நடக்காது.

சறுக்கும் இடங்கள் இவை:

*பொருள் அழகாக இருந்தால் போதும் என்ற நினைப்பு:* அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், அசல் போலவே இருக்கும் நோட்டு, நாணயங்களை வைத்துக் கணக்கு போட்ட பிள்ளைகள், அலங்காரம் இல்லாத சாதாரணக் காசுகளை வைத்திருந்தவர்களைவிட அதிகத் தவறு செய்தார்கள். கவனம் பொருளின் மேலேயே நின்றுவிடுகிறது. தெர்மாகோலில் ஜிகினா ஒட்டி, கலர் பேப்பர் சுற்றி ஆசிரியர் ராத்திரி கண் விழித்துச் செய்யும் மாடலைவிட, ஒரே மாதிரி இருக்கிற புளியங்கொட்டைகள் பல நேரம் நன்றாக வேலை செய்யும்.

*கேள்வி இல்லாத செயல்பாடு:* தண்ணீரில் எலுமிச்சை, நாணயம், தீக்குச்சி, மூடி என்று ஒவ்வொன்றாகப் போட்டு, மிதக்கிறதா மூழ்கிறதா என்று பார்ப்பது பிள்ளைகளுக்குக் குஷியான விளையாட்டு. போடுவதற்கு முன் ‘இது என்ன ஆகும், ஏன் அப்படி நினைக்கிறே?’ என்று கேட்காவிட்டால் அது தண்ணீர் விளையாட்டோடு முடிந்துவிடும். ‘கனமானது மூழ்கும்’ என்று பிள்ளை சொன்ன பிறகு, ஒரே களிமண் உருண்டையை மூழ்கவும் வைத்து, படகு மாதிரி குழித்து மிதக்கவும் வைத்தால்தான் யோசனை தொடங்கும்.

*டீச்சர் செய்கிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள்:* 40 பிள்ளைகளுக்கு ஒரே ஓர் ஆணிமணிச் சட்டம். அதுவும் டீச்சர் மேசையில். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பொருள்கள் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் வெளியே வரும். பொருள் இருக்கிறது, கை படவில்லை.

*குச்சியிலேயே நின்றுவிடுவது:* இதற்கு நேர் எதிரான ஆபத்து. ஐந்தாம் வகுப்பிலும் 8 கூட்டல் 7-க்குக் குச்சி தேவைப்பட்டால், பாதையில் ஏதோ ஒரு படி விடுபட்டிருக்கிறது. குச்சி ஒரு சாரம் மாதிரி. கட்டடம் எழும்பியதும் அதைப் பிரித்தாக வேண்டும். பொருளிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து எழுத்துக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுதான் ஆசிரியரின் உண்மையான வேலை. வாய்ப்பாடும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். புரிந்த பிறகு செய்யும் பயிற்சி வேகத்தைக் கொடுக்கும். புரியாமல் செய்த பயிற்சி 25 என்ற விடையைத்தான் கொடுக்கும்.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆனால் வகுப்புகள் ஐந்து. அதாவது, ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று வகுப்புகளைப் பார்க்க வேண்டும். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றின் அன்றாட நிலைமை இது.

மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்தும்போது முதல் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ‘அ, ஆ எழுதிக்கிட்டு இரு’ என்பதுதான் பழைய பதில். பத்து நிமிஷத்தில் அந்தப் பக்கம் சத்தம் கிளம்பும். கையில் ஒரு வேலையும், அந்த வேலை சரியா தப்பா என்று தானாகவே காட்டும் ஒரு பொருளும் இருந்தால் கதை வேறு. அந்தப் பிள்ளைகள் ஆசிரியர் வரும்வரை உண்மையிலேயே படித்துக்கொண்டிருப்பார்கள். ரிஷி வேலி முறை பிறந்ததே இப்படிப்பட்ட சின்னக் கிராமப் பள்ளிகளுக்காகத்தான். வசதியான தனியார் பள்ளிகளில் செய்து கற்றல் ஓர் ஆடம்பரமாக இருக்கலாம். ஈராசிரியர் பள்ளிக்கு அது இல்லாமல் வண்டி ஓடாது.

ஆனால் அதற்கு ஆசிரியர் வகுப்பறைக்குள் இருந்தாக வேண்டும். குழு குழுவாகப் போய் உட்கார்ந்து, ‘எப்படி வந்துச்சு, சொல்லு’ என்று கேட்க வேண்டும். பதிவேடு, எமிஸ் தளத்தில் பதிவேற்றம், கூட்டம், இணையவழி மதிப்பீடு என்று அந்த நேரம் கரைந்துபோவதுதான் ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து எழுப்பும் புகார். செய்து கற்றலில் விலை உயர்ந்த பொருள் என்று ஒன்று இருந்தால், அது ஆசிரியரின் நேரம்தான்.

‘நோட்டுல ஒண்ணுமே எழுதலையே!’

பெற்றோரின் கவலை அர்த்தமில்லாதது அல்ல. பிள்ளை படிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி நோட்டுதான். பக்கத்து வீட்டு எல்.கே.ஜி. பிள்ளை நூறு வரை எழுதுகிறது என்றால், தன் பிள்ளை குச்சி அடுக்குவதைப் பார்க்கப் பதற்றம் வரத்தான் செய்யும். படிக்காத அம்மாவோ அப்பாவோ, ‘என் பிள்ளையாவது எழுதப் படிக்கணும்’ என்று நினைத்து அனுப்பும்போது அந்தப் பதற்றம் இன்னும் கூடும்.

அதனால் நோட்டுக்குப் பதிலாகப் பார்க்க வேறு சாட்சிகள் தேவை. பள்ளிக்கூடம் அரசு, தனியார் எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்:

- பொருள்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பூட்டிய அலமாரியிலா?
- சுவரில் தொங்குவது பிள்ளைகள் செய்ததா, கடையில் வாங்கிய சார்ட்டா? முப்பது பிள்ளைகளின் வேலையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால், யோசித்தது பிள்ளைகள் இல்லை.
- செயல்பாடு முடிந்ததும் அதைப் பற்றிப் பேசவோ, வரையவோ, எழுதவோ செய்கிறார்களா?
- தவறான விடை சொன்ன பிள்ளையிடம் ‘எப்படி யோசிச்சே?’ என்று கேட்கிறார்களா?

வீட்டிலும் ‘இன்னிக்கு என்ன எழுதினே?’ என்பதற்குப் பதிலாக, ‘இன்னிக்கு என்ன செஞ்சே, எனக்குச் செஞ்சு காட்டு’ என்று கேட்டுப் பார்க்கலாம். செய்து காட்டும்போது ஏன் அப்படிச் செய்தோம் என்று பிள்ளை விளக்கினால், பாடம் உள்ளே இறங்கியிருக்கிறது. ‘சும்மா விளையாடினோம்’ என்பதோடு நின்றால், ஆசிரியரிடம் பேச வேண்டிய நேரம் அது.

காசில்லாமல் வீட்டிலேயே...

இதற்கென்று ஆயிரக்கணக்கில் கொடுத்து ‘லேர்னிங் கிட்’ வாங்க வேண்டியதில்லை. பல்லாங்குழியில் 14 குழிகளிலும் சோழி போட்டு விளையாடும் பிள்ளை, எண்ணுவதையும் சமமாகப் பங்கிடுவதையும் மனக்கணக்கையும் ஒன்றாகப் பழகுகிறது. தாயம் உருட்டினால் கூட்டல் வரும். மளிகைக் கடைச் சீட்டைக் கொடுத்து மொத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லலாம். உலக்கில் எத்தனை டம்ளர் அரிசி பிடிக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு அளந்து பார்க்கச் சொல்லலாம். தோசையைப் பங்கு போடும் வேலையைப் பிள்ளையிடமே விடலாம்.

ஒரே ஒரு நிபந்தனைதான். விடையைச் சொல்லிவிடக் கூடாது என்ற பொறுமை பெரியவர்களுக்கு வேண்டும். கட்டை எப்போது பிரிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை இரண்டு நிமிஷம் காத்திருப்பது கஷ்டம்தான். வீட்டில் ஒரு பிள்ளைக்காகக் காத்திருப்பதே கஷ்டமென்றால், மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்காகவும் காத்திருக்க வேண்டிய ஆசிரியருக்கு எவ்வளவு கை உதவி தேவை என்பதையும் யோசித்துப் பார்க்கலாம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ‘ஏன் நோட்டுல எழுத வைக்கலை?’ என்று கேட்பதற்கு முன், ‘இன்னொரு டீச்சர் எப்போ வருவாங்க?’ என்று கேட்பது பிள்ளைகளுக்கு அதிகம் உதவும்.